பதின்மூன்றாம் மாதத்தில் ஹவாசா

சனி, செப்டம்பர் 6, 2025 – அடிஸ் அபாபா

இங்கே இன்றைக்கு 2017ஆம் வருடம், பதின்மூன்றாம் மாதம், ஒன்றாம் தேதி. ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் தொங்கும் காலண்டர் அப்படித்தான் சொல்கிறது. எத்தியோப்பியக் கணக்கில் பன்னிரண்டு மாதத்துக்கும் சரியாக முப்பது நாள். மிச்சம் விழும் ஐந்து நாளை, நாலு வருடத்துக்கு ஒருமுறை ஆறு நாளை, பகுமே என்று தனி மாதமாக ஒதுக்கிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை இவர்களுக்கு 2018 பிறக்கிறது. ரூம் சாவி கொடுத்த பெண், "எங்களுக்கு வெயில் பதின்மூன்று மாதம், சம்பளம் பன்னிரண்டு மாதம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மாதச் சம்பளக்காரர்களுக்குப் பொதுவாக இந்த ஐந்து நாளுக்கென்று தனியாக எதுவும் கிடையாதாம்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் கூடுதல் வரி போட்டுவிட்டது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டர் எடுக்கிற கம்பெனிகள் பாதி லைனை நிறுத்திவைத்துவிட்டு பையரின் மெயிலுக்காகக் காத்திருக்கின்றன. எத்தியோப்பியாவுக்கு அந்தக் கூடுதல் வரி 10 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எங்கள் முதலாளி, "போய் ஒரு வாரம் இருந்து பார்த்துட்டு வாங்க" என்றார். தெற்கே ஹவாசா என்கிற ஊரில் உள்ள ஒரு தையல் தொழிற்சாலையில் நம் டி-ஷர்ட்டை ஓட்டினால் சரிப்படுமா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் துணியைவிட ஊசியும், தையல் மெஷினில் கீழ்நூலைக் கோக்கிற லூப்பரும்தான் அதிகம். அன்னியச் செலாவணி தட்டுப்பாட்டால் இங்கே ஸ்பேர் கிடைப்பது கஷ்டம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கஸ்டம்ஸ் அதிகாரி ஊசி டப்பாவைத் திறந்து பார்த்து, "டெய்லரா?" என்றார். ஆமாம் என்றேன். முப்பது வருடத்துக்கு முன்னால் அது உண்மைதான்.

விமான நிலையத்தில் எடுத்த டாக்சி மின்சாரக் கார். போன வருடம் தொடக்கத்தில் இருந்து பெட்ரோல், டீசல் கார்களை இறக்குமதி செய்யவே தடை. டாலர் கொடுத்து எண்ணெய் வாங்குவதைவிடச் சொந்த ஆற்றில் எடுக்கும் மின்சாரத்தில் ஓட்டுவோம் என்ற கணக்கு. வழியெல்லாம் புதுசாக அகலப்படுத்திய சாலை, சைக்கிள் பாதை, மரம் முழுக்கச் சரவிளக்கு. திங்கள்கிழமை ஆப்பிரிக்கப் பருவநிலை மாநாடு தொடங்குகிறது என்பதால் ஓட்டல் வாடகையும் ஏறிக் கிடக்கிறது. சாலைக்காக இடிபட்ட பழைய தெருக்களின் ஆட்கள் எங்கே போனார்கள் என்று டிரைவரைக் கேட்டேன். ஊர் ஓரத்துக்கு, என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நூறு டாலர் மாற்றினேன். 14,000 பிர்ருக்கு மேல் கையில் வந்தது. 2024 ஜூலையில் நாணய மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விடும் முன்பு டாலருக்கு 57 பிர்தான். பெரிய நோட்டே 200 என்பதால் பர்ஸ் மூட மறுக்கிறது. உள்ளூர்க்காரர்களோ பர்ஸே எடுப்பதில்லை. டீக்கடையில்கூட டெலிபிர் என்கிற போன் பணம்தான்.

ஞாயிறு, செப்டம்பர் 7 – ஹவாசா போகும் வழி

275 கிலோமீட்டர் சாலைப் பயணம். அடிஸில் இருந்து கிளம்பும் விரைவுச்சாலை 2014இல் திறந்தது. நம் ஊர் டோல் ரோடு போலவே இருக்கிறது, கூட்டம் மட்டும் இல்லை. மோஜோவில் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திக் கையைக் காட்டினார். கண்ணுக்கு எட்டின தூரம் கன்டெய்னர். கடலே இல்லாத இடத்தில் ஒரு துறைமுகம். 1993இல் எரித்திரியா பிரிந்துபோனதோடு எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை போய்விட்டது. 1998இல் அவர்களோடு போர் மூண்டது முதல் வருவதும் போவதும் பெரும்பாலும் ஜிபூட்டி வழியாகத்தான். அங்கிருந்து ரயிலிலோ லாரியிலோ வந்து இந்த உலர் துறைமுகத்தில் இறங்கி, அப்புறம் ஊர் ஊராகப் பிரியும். திருப்பூரில் இருந்து துணி அனுப்பினால் தூத்துக்குடி, ஜிபூட்டி, மோஜோ, ஹவாசா. தைத்த சட்டை அதே வழியில் திரும்பக் கடலுக்குப் போய் அமெரிக்கா சேர வேண்டும். 10 சதவீத வரியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்களை இங்கே ஒருமுறை கூட்டிவந்து நிறுத்த வேண்டும்.

மோஜோவைத் தாண்டினதும் பள்ளத்தாக்கு. ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள், முள்மரம், கழுதை வண்டி, தண்ணீர் கேன் சுமக்கும் பிள்ளைகள். பாட்டு என்கிற ஊரை நெருங்கும்போது ரோஜாப் பண்ணைகளின் பசுமைக் குடில்கள் மைல் கணக்கில் போகின்றன. ஐரோப்பாவுக்குப் போகும் பூ.

கடைப்பலகைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன். அம்ஹாரிக் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் ஒரே எழுத்துக்கு இங்கே ஒரு கால், அங்கே ஒரு கொக்கி முளைத்திருப்பது கொஞ்ச நேரத்தில் பிடிபடுகிறது. 33 மெய், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர், மொத்தம் 231. நமக்கு உயிர்மெய் 216. இங்கிலீஷ் படித்தவர் நடத்தினால் முழிப்போம். நம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் நடத்தினால் ஒரு மாதத்தில் படித்துவிடலாம் என்று தோன்றியது.

ஷஷமனே நாற்சந்தியில் பங்க் முன்னால் நீல நிற ஆட்டோக்கள் வரிசைகட்டி நின்றன. ஆட்டோவுக்கு இங்கே பெயரே பஜாஜ்தான். ஜமைக்காவில் இருந்து ராஸ்தஃபாரி மதத்து மக்கள் வந்து குடியேறிய ஊர் இது. 1948இல் பேரரசர் ஹைலே செலாசி கொடுத்த நிலம். பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்த ஒரு கேட் கண்ணில் பட்டது. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

திங்கள், செப்டம்பர் 8

"காலையில் ரெண்டு மணிக்கு ஷிப்ட்" என்று நேற்று இரவு சொன்னார்கள். எட்டு மணி என்று அர்த்தம். இவர்களுக்கு நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. நம் ஏழு மணி இவர்களுக்கு ஒன்று. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு, வருடம் பூராவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடியும், அதனால் கணக்கு உதைக்காது. நம் பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை என்று இருப்பதும் இதே யோசனைதான். நாம் அதை ஜாதகத்தோடு நிறுத்திக்கொண்டோம், இவர்கள் பஸ்ஸுக்கும் ஷிப்டுக்கும் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆட்களோடு பேசும்போது "உங்க மணியா, எங்க மணியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள். அதிலேயே வேலை ஓடிவிடுகிறது.

ஹவாசா தொழிற்பூங்கா 2016இல் திறந்தது. சீனக் கம்பெனி கட்டியது. ஒரே அச்சில் வார்த்த 52 கொட்டகைகள், நடுவில் நேர்கோடாகச் சாலை. 60,000 பேருக்கு வேலை என்று திட்டம். நாங்கள் போன கொட்டகையில் பாதி லைன்தான் ஓடுகிறது. மற்ற மெஷின்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வவுனியாக்காரர். இங்கே வந்து பல வருடமாகிறது. என்னைப் பார்த்ததும், "வாங்கோ தம்பி, சாப்பிட்டாச்சோ? இஞ்சை மதியம் வரைக்கும் தேத்தண்ணிதான், சொல்லிப்போட்டன்" என்றார். அவரை அண்ணை என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். சிங்களம், தமிழ், ஆங்கிலம், அம்ஹாரிக், கொஞ்சம் இந்தப் பகுதி மக்களின் சிதாமா. லைனில் நடந்துகொண்டே அத்தனையிலும் திட்டுகிறார்.

டெய்லர் எல்லாருமே பெண்கள். பெரும்பாலும் சிதாமா கிராமங்களில் இருந்து வந்த இருபது வயதுப் பிள்ளைகள். என் பக்கத்தில் நின்ற லைன் சூப்பர்வைசரும் பெண்தான். முப்பது வயசு இருக்கும். பேட்லாக் மெஷினில் தையல் விட்டுவிட்டுப் போவதைக் காட்டி, "லூப்பர் டைமிங் பார்த்தாச்சா?" என்று கேட்டேன். பதிலுக்கு அவள் சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள். ஏதோ பயந்துவிட்டாள், கையில் ஊசி ஏறிவிட்டது என்று நான் குனிந்து பார்க்க, அண்ணை சிரிக்கிறார். "ஓம் எண்டு சொல்லுறா." ஆமாம் என்பதை வாயால் சொல்லாமல் மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஊருக்குப் போனில் பேசுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். அந்தப் பக்கம் எப்படிக் கேட்குமோ.

லூப்பரை மாற்றினோம். பெட்டியில் இருந்து நான் எடுத்த டப்பாவை மெக்கானிக் பையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தேய்ந்துபோன பழைய லூப்பரைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தீட்டி இன்னொரு மெஷினில் போடுவானாம். பாலிஷ் போட்ட அதன் முனையை நகத்தில் உரசிப் பார்த்த விதத்திலேயே நல்ல கைக்காரன் என்று தெரிந்தது. திருப்பூரில் ஸ்பேர் கடை பத்தடிக்கு ஒன்று இருப்பதால் நம் பையன்களுக்கு இந்தக் கை போய்விட்டது.

மத்தியானம் மழை பிடித்தது. இடைவேளை மணி அடித்ததும் ஒரு கூட்டம் பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடி, வேண்டுமென்றே நனைந்தார்கள். முகத்தை மேலே தூக்கி, கையில் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். பகுமே மூன்றாம் நாள் ரூஃபாயேல் தேவதூதர் திருநாள், அன்றைய மழை புனித நீர். ஆர்த்தடாக்ஸ் சபைப் பிள்ளைகள்தான் ஓடினார்கள். சிதாமாவில் அதிகம் பேர் புராட்டஸ்டன்ட். அவர்கள் கதவோரம் நின்று கேலி பேசினார்கள். அதிலேயே இரண்டு பேர் கடைசியில் பொறுக்க முடியாமல் ஓடிப் போய் நனைந்துவிட்டு வந்தார்கள். ஈரத் துணியோடு மெஷினில் உட்காரக் கூடாது என்று அண்ணை சத்தம் போட்டது வீண்.

செவ்வாய், செப்டம்பர் 9

இன்று வேலை பாதிதான் நடந்தது. நீல நைல் மேல் கட்டிய பெரிய அணையைப் பிரதமர் திறந்துவைத்தார். கேன்டீன் டிவி முன்னால் எள் போட இடமில்லை. 2011இல் தொடங்கிய வேலை. 5,150 மெகாவாட். எகிப்து எதிர்த்ததால் பெரிய வெளிநாட்டுக் கடன் கிடைக்கவில்லை. பத்திரம் விற்றும் சம்பளத்தில் பிடித்தும் சொந்தக் காசில் கட்டினார்கள். அக்கவுண்ட்ஸ் ஆள், ஒரு மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கொடுத்ததைச் சொல்லி, "அந்த மூணாவது டர்பைன் என்னுது" என்றார். அதற்கு எல்லாரும் சிரித்தாலும் அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் இரண்டு முறை போனது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை இருட்டில் யாரோ ஒருத்தி அணையின் பெயரைச் சொல்ல, கொட்டகையே சிரித்தது.

புதன், செப்டம்பர் 10

புதனும் வெள்ளியும் ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கு விரத நாள். விரதம் என்றால் பட்டினி இல்லை. இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. வருடத்தில் பாதிக்கு மேல் இப்படிப் போகிறது. அதனால் சைவ ஆட்களுக்கு ஆப்பிரிக்காவில் இதைவிட நல்ல நாடு இருக்க முடியாது. "விரதச் சாப்பாடு" என்று கேட்டால் போதும், வெண்ணெய்கூடக் கலக்காத தட்டு வரும்.

இன்ஜெரா நம் கல்தோசைக்கு உறவு. டெஃப் என்கிற, கடுகைவிடப் பொடியான தானியத்தை மாவாக்கிக் கரைத்து, சில நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைக்கிறார்கள். மேலே கண் கண்ணாக இருக்கும். தட்டு அளவுக்கு அதை விரித்து, மேலேயே பருப்பு, கடலைமாவில் கொதிக்கவைத்த ஷிரோ, கீரை, பீட்ரூட், உருளை என்று குவித்துவிடுகிறார்கள். தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து வலது கையால் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட வேண்டும். முதல் வாயில் புளிப்பு கொஞ்சம் தூக்கல். மூன்றாம் நாள் அந்தப் புளிப்பு இல்லாமல் இறங்காது. சாம்பார் ஊற்றினால் எப்படி இருக்கும் என்ற யோசனையை அண்ணையிடம் சொன்னேன். "செய்து பாத்திட்டன் தம்பி, சரிவராது" என்றார்.

புது வருடத்துக்கு முந்தின நாள் என்பதால் ஊரே கோழியும் கையுமாக அலைகிறது. பஜாஜில் டிரைவர் காலடியில் ஒரு ஆடு, பின்சீட்டில் குடும்பம். கசாப்புக் கடைகளில் ஒன்றில் சிலுவை, அடுத்ததில் பிறை. கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம் சாப்பிடுவதில்லை, முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவர் சாப்பிடுவதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் நடுவில் ஸ்டூல் போட்டு ஒரே செல்போனில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டினதும் வீட்டுக்கு வீடு வாசலில் குச்சிக் கட்டைக் கொளுத்தினார்கள். புகை அடங்க நேரமாயிற்று.

வியாழன், செப்டம்பர் 11 – இவர்கள் தேதிக்கு 2018, முதல் மாதம், ஒன்று

லைன் சூப்பர்வைசர் வீட்டுக்கு அழைத்திருந்தாள். அண்ணையும் நானும் போனோம். வழியில் சிறுமிகள் வெள்ளை உடுப்போடு, கையில் மஞ்சள் பூங்கொத்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் முடிகிற இந்தச் சில வாரங்களில் மட்டும் பூக்கிற பூ, அதெய் அபெபா. தார் ரோட்டு ஓரம், சாக்கடை ஓரம்கூட மஞ்சளாகக் கிடக்கிறது.

இரண்டு அறை வீடு, பின்பக்கம் வாழைத் தோட்டம். குலையே இல்லையே என்று பார்த்தால் அது வாழை இல்லை, என்செட். சிதாமா மக்களுக்கு அதன் தண்டும் கிழங்கும்தான் சாப்பாடு. சுரண்டி எடுத்ததைக் குழியில் இலை போட்டு மூடி மாதக் கணக்கில் புளிக்கவைத்து, அப்புறம் அடையாகத் தட்டுகிறார்கள். மழை பொய்த்தாலும் நிற்கும் பயிர் என்பதால், இது உள்ள வீட்டில் பஞ்சம் நுழையாது என்றார் அவள் அம்மா. மகள் மொழிபெயர்த்தாள்.

அன்றைய விருந்து டோரோ வொட், கோழிக் குழம்பு. காலையில் ஆரம்பித்த வேலை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெயே விடாமல் சட்டியில் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள், குழைந்து கூழாகும்வரை. அதன் பிறகுதான் மசாலா நெய், சிவப்பு பெர்பெரே பொடி. கோழியை முறைப்படி பன்னிரண்டு துண்டாகத்தான் போட வேண்டும், கூட அவித்த முட்டை. நம் வீடுகளில் எண்ணெய் பிரிந்தால்தான் குழம்பு ஆயிற்று என்போம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. ருசியில் ஒரு குறையும் இல்லை.

நான் கை வைப்பதற்குள் அந்த அம்மா ஒரு பெரிய உருண்டையை உருட்டி என் வாய்க்கு நேராக நீட்டினார். குர்ஷா. விருந்தாளிக்கு ஊட்டிவிட வேண்டும், மறுக்கக் கூடாது, ஒன்றோடு நிறுத்தவும் கூடாது. ஐம்பது வயசுக்கு நெருங்கினவன் நாலு பேர் பார்க்க வாயைத் திறந்தேன். அண்ணை அடுத்துத் தன் முறைக்காகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா முறை கிழவர், நான் இந்தியா என்றதும் நல்ல ஆங்கிலத்தில், "கேரளாவா?" என்றார். இல்லை, பக்கத்தில் என்றேன். பேரரசர் காலத்திலேயே ஆயிரக்கணக்கில் இந்திய ஆசிரியர்களை இங்கே வேலைக்கு எடுத்தார்கள். அதில் மலையாளிகள் ஏராளம். இவருக்குக் கணக்கு நடத்தியவரும் அப்படி ஒருவர். காதைத் திருகும் பழக்கம் அவருக்கு இருந்தது என்று சொல்லி, தன் காதைத் திருகிக் காட்டினார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றதும் அவருக்குப் பெரிய திருப்தி.

அப்புறம் காபி. தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள் அவள் தங்கை. பச்சைக் கொட்டையைக் கழுவி, தட்டில் வறுத்து, புகை வரும்போது அந்தத் தட்டை ஒவ்வொருவர் மூக்குக்கும் நேராகக் கொண்டுவந்து காட்டினாள். கையால் புகையை நம் பக்கம் இழுத்து நல்லா இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபெனா என்கிற நீள்கழுத்து மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் மேலே இருந்து ஒரே தாரையாக ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே இல்லை. தொட்டுக்கொள்ளச் சோளப்பொரி. முதல் சுற்று கெட்டி. அதே தூளில் இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதுக்குப் பெயர் பரகா, ஆசீர்வாதம். அதற்கு முன் எழுந்தால் மரியாதை இல்லை. முழுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஃபில்டர் காபி பற்றி நான் எதுவும் பேசவில்லை.

இரண்டாவது சுற்றில் அவள் தன் கதையைச் சொன்னாள். பார்க் தொடங்கின காலத்திலேயே ஹெல்பராகச் சேர்ந்தவள். 2021 கடைசியில், வடக்கே நடந்த போரைக் காரணம் காட்டி எத்தியோப்பியாவுக்கு இருந்த வரிச்சலுகையை அமெரிக்கா எடுத்துவிடுவதாக அறிவித்தது. 2022 ஜனவரி 1 முதல் அமலானது. பெரிய பையர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். கொட்டகை கொட்டகையாக மூடினார்கள். அவளும் வேலை இழந்து ஒரு வருடத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் காபி விற்றாள். "எங்க ஊர்ல சண்டைகூட இல்ல" என்றாள். ஹவாசாவில் இருந்து அந்தப் போர் நடந்த இடம் நெடுந்தூரம். எங்கள் ஊரிலும் இப்போது அதேதான் நடக்கிறது, நாடு ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்று வரி போட்டால் பனியன் தைப்பவன் என்ன செய்வான் என்று சொன்னேன். அதை அவள் அம்மாவுக்கும் கிழவருக்கும் மொழிபெயர்த்தாள். கிழவர் ஏதோ நீளமாகச் சொன்னார். அதை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளி, செப்டம்பர் 12

லைனில் பாதி ஆள் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் திருப்பூரில் கம்பெனி திறந்து வைத்த மாதிரி. அதனால் அண்ணை என்னைச் சுத்திகரிப்பு நிலையம் பார்க்கக் கூட்டிப்போனார்.

இதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. ஹவாசா ஏரிக்கு வெளியே போக வழி கிடையாது. உள்ளே போன அழுக்கு உள்ளேயேதான் கிடக்க வேண்டும். அதனால் பார்க் கட்டும்போதே ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறையில் அமைத்தார்கள். செய்து கொடுத்தது அகமதாபாத்தின் அர்விந்த் என்விசால். உப்பை ஆவியாக்கும் கலன்களைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. நாம் நொய்யலைச் சாக விட்டு, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை ஆடு மாடு குடிக்க முடியாதபடி ஆக்கி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அவசர அவசரமாகக் கற்றுக்கொண்ட பாடம் அது. இவர்கள் முதல் நாளே செய்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் திருப்பூர் ஆள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

சம்பள விஷயம் அப்படி இல்லை. 2019இல் நியூயார்க் பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிக்கையில் இங்கே தொடக்கச் சம்பளம் மாதம் 26 டாலர், உலகத்திலேயே ஆடைத் தொழிலில் இதுதான் குறைவு என்று போட்டிருந்தார்கள். தனியார் துறைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. அதன் பிறகு பிர்ரில் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் பிர்ரே பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. ஒரு அறையில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து இருந்தால்தான் வாடகை கட்டும். திருப்பூர் டெய்லருக்குச் சனிக்கிழமை கையில் வாரச் சம்பளம் வரும், பிடிக்காவிட்டால் திங்கள்கிழமை அடுத்த கம்பெனி. இங்கே அடுத்த கம்பெனி அதே சம்பளம்தான், அதனால் பிள்ளைகள் ஊருக்கே போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கற்றுக்கொடுத்த கை போய்விட்டால் லைன் மறுபடி ஒன்றில் இருந்து. "இதுகள் சோம்பேறிகள்" என்று பக்கத்துக் கொட்டகை வெளிநாட்டு மேனேஜர் ஒருவர் மதியச் சாப்பாட்டில் சொன்னார். நேற்று கோப்பையில் காபி ஊற்றின கையைப் பார்த்தவன் நான். ஓவர்லாக்கில் அந்தக் கையை உட்காரவைத்துத் தங்கவைக்கத் தெரியவில்லை என்றால் சோம்பேறித்தனம் யாருடையது?

சனி, செப்டம்பர் 13

காலையில் ஏரிக்கரை மீன் சந்தை. படகில் வந்த திலாப்பியாவைப் பையன்கள் உட்கார்ந்த இடத்திலேயே செதிள் உரித்து, முள் எடுத்து, வாழைத்தோல் உரிக்கிற வேகத்தில் தள்ளுகிறார்கள். அவர்களைச் சுற்றி மனுஷ உயரத்துக்கு மராபு நாரைகள் நிற்கின்றன. வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, கொஞ்சம்கூடப் பயம் இல்லை. குடலை வீசினால் நாலைந்து ஒன்றாகப் பாய்கின்றன. சிலர் பச்சை மீனையே மிளகாய்த் துவையலில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். நான் பொரித்ததோடு நிறுத்திக்கொண்டேன். தலை முதல் வால் வரை கோடு கோடாகக் கீறி, மொறுமொறுவென்று பொரித்தது. சூப் தனியாக ஒரு கிண்ணம். அதற்குமேல் அவகாடோ ஜூஸ் வேறு, ஸ்பூனால்தான் எடுக்க முடியும்.

மத்தியானம் சாம்பிள் லைனை ஓட்டிப் பார்த்தோம். ஒரு பண்டிலில் கழுத்துப் பட்டி மட்டும் இழுத்திருந்தது. மற்றதெல்லாம் செக்கிங் டேபிளில் தேறிவிட்டது. சூப்பர்வைசர் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க நாட்டுக்குப் போட்ட வரியைக் குறைச்சிட்டா இந்த ஆர்டர் திரும்பப் போயிடுமா?" என்றாள். போகலாம், என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. சரி என்று தலையாட்டிவிட்டுக் கழுத்துப் பட்டிக்காரியிடம் போய் நின்றுகொண்டாள்.

இரவு முதலாளி கூப்பிட்டார்.

"என்னங்க, பீஸுக்கு எவ்வளவு வருதுங்க?"

தையல் கூலி குறைவு, அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்று ஆரம்பித்து, துணி வந்து சேர ஆகும் நாள், ஜிபூட்டி, மோஜோ, கரண்ட், ஸ்பேர், ஆள் நிற்காதது எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைத் துணி, பிரின்ட் ஐட்டம் வேண்டவே வேண்டாம். ஒரே கலர், ஒரே ஸ்டைல், அவசரம் இல்லாத பேசிக் டி-ஷர்ட் என்றால் ஒரு லைன் போட்டுப் பார்க்கலாம். பயணப்படியும் ரூம் வாடகையும் நாம் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் நிற்பார்கள், அதையும் காஸ்டிங்கில் ஏற்றித்தான் பையரிடம் பேச வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரிங்க, எழுதிக் கொண்டாங்க. நம்ம ஆளுக அனுப்பணுமா?"

"லைன் பார்க்க ஒருத்தர், மெக்கானிக் ஒருத்தர். ரெண்டுல ஒருத்தருக்காவது சமைக்கத் தெரிஞ்சிருக்கணுங்க" என்றேன்.